எடைக்கு எடை கிழங்கு

அம்மா எனக்காக வைத்த வேண்டுதல் ஒன்றை ஐந்து வருடம் நிறைவேற்ற விடாமல் வைத்திருந்தவள் நான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் எடை குறைந்த கதையைக் கேட்டு இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வரும் பெண்கள்கூட மேசைப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்பார்கள். எப்படிக் குறைந்தது என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். குறைந்த பிறகு வந்த வருடங்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு அப்பால், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சரிவில் படிப்படியாக இறங்கும் காடு எங்களுடையது. பூண்டு போடுவோம், உருளைக்கிழங்கு போடுவோம், இடையில் பீன்ஸ். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். தம்பி ஐந்தாவதோடு நின்று காட்டுக்கு வந்துவிட்டான். அவனும் அம்மாவும் மண்ணைக் கொத்தி என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும் நான். வங்கியில் அம்மா கைநாட்டு வைக்கும்போது பக்கத்தில் சாட்சிக் கையெழுத்தை நான் போடுவேன், தேவைக்குக் கொஞ்சம் பெரிதாகவே. பிறகு தேர்வு எழுதி அரசு அலுவலகத்தில் வேலை வாங்கினேன். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தேன்.

வேலையில் சேர்ந்தபோது என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சின்ன வயதிலிருந்தே பெரிய உடம்புதான். ஊரில் என்னைப் பூண்டு மூட்டை என்பார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்தில் நான் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்து உடைந்தது. பந்தியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் மட்டும், "அது பழைய சேரு, விடுங்கப்பா" என்றார். அந்தப் பரிவுதான் எனக்கு அதிகம் வலித்தது. இருபத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். மதுரையில் ஒரு மருத்துவமனையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டு நடையில் நின்று அம்மா வேண்டிக்கொண்டாள். மனதுக்குள் வேண்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அடுத்த காட்டில் நிற்கிறவரைக் கூப்பிடும் அதே குரலில்தான் சாமியையும் கூப்பிடுவாள்.

"முருகா, எம்புள்ள நல்லபடியா எந்திரிச்சு நம்ம ஊருக்கு நடந்து வந்துட்டா எடைக்கு எடை கெழங்கு போடுறேன். எங்காட்டுக் கெழங்கு. எங்கையால வெளஞ்சது."

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நர்ஸ் நின்று பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"எந்த எடைக்கும்மா? இப்ப இருக்குறதுக்கா, கொறஞ்ச பெறகா?"

"தட்டுல ஒக்காரயில என்ன எடையோ அதுக்கு."

"இப்ப ஒக்காந்தா நம்ம காடே காலி. அம்புட்டையும் சாமி என்ன செய்யும்?"

"அவருக்கு ஒரு அண்ணன் இருக்காருல்ல. தின்னு தீத்துருவாரு. நீ சும்மா படு."

எங்கள் ஊர்க் கோயிலில் துலாபாரம் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் நான் ஏன் பயந்தேன் என்பது புரியும். கோயிலுக்கென்று தனியாகத் தராசு கிடையாது. மாதா மாதம் கிருத்திகை அன்று பூண்டு நிறுக்கும் கொட்டகையிலிருந்து பெரிய தராசைக் கொண்டுவந்து மண்டபத்து உத்தரத்தில் கட்டுவார்கள். ஒரு தட்டில் ஆள் உட்கார வேண்டும். இன்னொரு தட்டில் பத்துப் பத்துக் கிலோவாகக் கட்டிய பைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். முதல் பையை வேண்டிக்கொண்டவர் தன் கையால் வைக்க வேண்டும். ஏற்ற ஏற்ற எனக்குப் பெரியப்பா முறையுள்ள ஒருவர் சத்தமாக எண்ணுவார். வியாபாரத்தில் எண்ணுகிற மாதிரியே முதல் பைக்கு "லாபம்" என்பார். பிறகு இருபது, முப்பது என்று போகும். கடைசியில் உதிரிக் கிழங்கு போட்டுத் தட்டு சமமானதும் மொத்த எடையை மூன்று தடவை கூவுவார். நாற்காலி உடைந்ததைப் பார்த்த அத்தனை பேரும் அங்கே நிற்பார்கள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் நான் ஊருக்கு நடந்தே வந்தேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு அரை மைல் ஏற்றம். ஐந்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். அன்றைக்கே வேண்டுதல் பலித்துவிட்டது. வருகிற கிருத்திகைக்கே போட்டுவிடலாம் என்றாள் அம்மா. கொஞ்சம் இளைத்த பிறகு பார்க்கலாம் என்றேன். தையல் ஆறட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மூன்று மாதம் என்னோடு நாயுடுபுரம் அறையில் வந்து தங்கினாள். மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், என்ன சாப்பிடுவது, எப்படிச் சாப்பிடுவது என்று. அங்கிருந்த டயட்டீஷியன் அம்மா அதை ஒரு தடவை வாசித்துக் காட்டினார். ஒரு எழுத்தும் தெரியாத அம்மா அதை அந்த ஒரு தடவையிலேயே மனப்பாடம் செய்துவிட்டாள். "மொதல்ல முட்டை, இல்லாட்டிப் பயறு. அப்பறம் காயி. எடமிருந்தா ரெண்டு வாய் சோறு. தண்ணி அரை மணி நேரம் செண்டு." ஒவ்வொரு வாயையும் நான் எத்தனை தடவை மெல்லுகிறேன் என்று எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். வெரசா விழுங்கினால் தட்டை இழுத்துக்கொள்வாள். வாசிக்கத் தெரிந்த நான் அந்தத் தாளை டிவிக்குக் கீழே வைத்தேன். பிறகு அதை எடுத்த ஞாபகம் இல்லை.

முதல் வருடம் எடை தானாகக் குறைந்தது. அதை நான் சாதனை என்று நினைத்தேன். உண்மையில் பசியே இல்லை. பசியைக் கிளப்புகிற பகுதியையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் பெரிய மனவுறுதிக்காரி என்றே என்னைப் பற்றி எண்ணினேன். வருட முடிவில் எழுபத்திரண்டு. ஒன்றரை வருடத்தில் அறுபத்தொன்பது. சர்க்கரை மாத்திரை நின்றது. அலுவலகத்து அக்கா ஒருவர், "ஏம்ப்பா, ஒன் ஐடி கார்டு போட்டோவ மாத்து, செக்யூரிட்டி உள்ள விட மாட்டான்" என்றார். ஏரியைச் சுற்றி நடந்தால் மூச்சு வாங்கவில்லை. சுற்றுலா வந்தவர்கள் தங்களைப் படம் எடுக்கச் சொல்லி என் கையில் போனைக் கொடுத்தார்கள். ஒருத்தி, "தேங்க்ஸ் ஒல்லிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா போன் பண்ணினாள். கிழங்கு தோண்டியாகிவிட்டது, நல்ல விளைச்சல், பெரிய கிழங்காகப் பொறுக்கி வீட்டு மூலையில் தழை போட்டு வைத்திருக்கிறேன், கிருத்திகைக்கு வா என்றாள்.

"அறுபத்தஞ்சு ஆகட்டும்மா" என்றேன்.

"எதுக்கு அறுபத்தஞ்சு? சாமி கேட்டுச்சா?"

"நான் கேக்குறேன். இன்னும் நாலே கிலோ. அடுத்த போகத்துக்குப் போட்டுக்கலாம்."

மூலையில் வைத்திருந்த கிழங்கு முளைவிட்டது. அதையே விதைக்கு எடுத்துக்கொண்டாள்.

அறுபத்தைந்து என்ற எண்ணை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. டயட்டீஷியன் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒன்றரை வருஷத்துல எறங்குறதுதான் பெரும்பாலும் கடைசி. அதுக்கப்புறம் கொஞ்சம் திரும்பி ஏறும். எல்லாருக்கும் ஏறும். அதுக்குப் பயப்படாதீங்க. ஏறுதேன்னு வெக்கப்பட்டு இங்க வராம மட்டும் இருந்துடாதீங்க." அதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு பரிசோதனை வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அது அவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்தவள், எனக்கு அப்படி ஆகாது.

பசி மூன்றாம் வருடம் திரும்பி வந்தது. பெரிய பசியாக வரவில்லை. பதினோரு மணிக்கு வாயில் எதையாவது போட வேண்டும் என்ற நமநமப்பாக வந்தது. ஒரு தட்டுச் சோறு என்னால் இன்றைக்கும் சாப்பிட முடியாது. அதனால் நான் அதிகமாகச் சாப்பிடுகிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கொடைக்கானல் குளிருக்கு அலுவலகத்தில் நாலு தடவை டீ வரும். சர்க்கரை போட்ட டீ. அதோடு மொறுமொறுப்பான வர்க்கி பிஸ்கட் ஒன்று. வர்க்கி டீயில் நனைந்தால் கரைந்து இறங்கிவிடும், குறுகின வயிற்றில் அதற்குத் தடையே இல்லை. முட்டையும் பயறும்தான் அடைத்துக்கொண்டு நிற்கும், மெல்ல வேண்டும், நேரமாகும். ஆகவே முட்டையை விட்டேன். பன், முறுக்கு, கடலை மிட்டாயில் பாதி, சாயங்காலம் யாராவது வாங்கி வரும் சாக்லேட்டில் ஒரு துண்டு. எல்லாம் பாதி, எல்லாம் ஒரு துண்டு. உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டேன் என்று சொல்லும்படியாக நாளில் ஒரு வேளையும் இல்லை.

எழுபத்து மூன்று. அப்புறம் எழுபத்தாறு. எழுபத்தொன்பது ஆனபோது அறையிலிருந்த எடை பார்க்கும் கருவியின் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். மதுரையிலிருந்து பரிசோதனைக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. ஆடிட் நடக்கிறது, தேர்தல் வேலை, லீவு தரமாட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னேன். சத்து மாத்திரை தீர்ந்துபோனது, வாங்கவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அங்கே போனால் அதே வரிசையில், அன்று தலையாட்டிய பெண்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். எண்பதை நெருங்கின உடம்போடு அவர்கள் முன்னால் போகக்கூடாது, முதலில் குறைப்போம், பிறகு போவோம் என்றே நாட்களை ஓட்டினேன்.

அம்மா ஒவ்வொரு போகத்துக்கும் கேட்டாள். ஒவ்வொரு போகத்துக்கும் பெரிய கிழங்காகப் பொறுக்கித் தனியாக வைத்தாள். ஒவ்வொரு போகத்துக்கும் நான் அடுத்த போகம் என்றேன்.

நாலாம் வருடப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இடுப்புச் சுற்றளவு அவள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா. பீன்ஸ் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏத்தா, ஏறிருச்சோ?"

"கொஞ்சம்."

"ஏறுனா ஏறிட்டுப் போகுது. மூச்சு நல்லா வருதுல்ல, சக்கரை இல்லல்ல. அதுக்குத்தான வேண்டுனேன். ஒனக்கு எண்ணிச் சொல்றது வெக்கமா இருந்தா பெரியப்பாட்ட மெதுவா எண்ணச் சொல்றேன்."

"அவரு மெதுவா எண்ணுனா அடுத்த மலைக்குக் கேக்கும்" என்றான் தம்பி.

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இது ஒடம்பு விஷயம்மா. இதுல மெட்டபாலிசம்னு ஒண்ணு இருக்கு. ஒனக்கு என்ன தெரியும்? ஒரு எழுத்துப் படிச்சிருக்கியா?"

அவள் கை நிற்கவில்லை. பீன்ஸின் நாரை உரித்துக் கீழே போட்டாள். "படிக்கலதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தம்பி எழுந்து வெளியே போனான். எனக்கிருந்த நாலு எழுத்துப் படிப்பையும் வாங்கிக் கொடுத்தவள் அவள். அப்போதே, அந்த நிமிடமே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஊரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கேட்கலாம் என்று தோன்றியது. போனில் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

இருந்தும் அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வருடம் ஆவணியில் நானே போன் பண்ணி, "வர்ற கிருத்திகைக்குப் போட்டுறலாம்மா" என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பியை விட்டுக் கொட்டகையில் சொல்லச் சொன்னாள். தோண்டின கிழங்கில் நல்லதைப் பொறுக்கி, பத்துப் பத்துக் கிலோவாகக் கட்டச் சொன்னாள். எத்தனை பை என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை. பத்துப் பை கட்டி வைத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

கிருத்திகைக்கு எட்டு நாள் இருக்கும்போது எடைக்கருவியில் பேட்டரியைப் போட்டு ஏறினேன். எண்பத்தைந்து. பெரியப்பா "எம்பது" என்று கூவுவதும் அதற்கு மேலும் உதிரிக் கிழங்கு விழுவதும் எனக்குக் காதில் கேட்டது. அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"ஒரே ஒரு மாசம்மா. அடுத்த கிருத்திகை. நிச்சயமா."

"சரித்தா. கெழங்கு ஒரு மாசம் தாங்கும்" என்றாள்.

அந்த மாதம் நான் செய்ததை எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். காலையில் கறுப்புக் காபி, மத்தியானம் மோர், சாயங்காலம் ஒரு கேரட். மூன்று வாரத்தில் நாலு கிலோ இறங்கியது. பெருமையாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் அலுவலகத்தில் கோப்பு எடுக்க எழுந்தவள் அப்படியே விழுந்தேன். ஐடி கார்டு போட்டோவை மாற்றச் சொன்ன அக்காதான் முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார். "என்னப்பா சாப்ட?" என்றார். மோர் என்றேன். "ஆபரேஷன் பண்ணுன ஆளு பட்டினி கெடக்கலாமா? ஒங்கம்மா நம்பரக் குடு, நான் பேசுறேன்" என்று என் போனை எடுத்தார். அவர் கையிலிருக்கும்போதே அது அடித்தது. தம்பி.

அம்மா காட்டில் விழுந்துவிட்டாள். காலையில் பீன்ஸ் எடுக்கப் போனவள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் போர்வையில் போட்டு நாலு பேர் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஜீப்பில் ஏற்றி, பாதி வழியில் ஆம்புலன்ஸுக்கு மாற்றி மதுரைக்குப் போனார்கள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. வந்து சேர நேரமாகிவிட்டது என்றார் டாக்டர். மலையில் இருப்பவர்களுக்கு எப்போதும் சொல்கிற வாக்கியம்தான் அது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. "இல்ல." தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல, வேண்டாமா என்றாலும் இல்ல. முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கிருத்திகை வந்தது, போனது. நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒன்றரை மாதம் கழித்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மூலையில் அடுக்கி வைத்திருந்த பத்துப் பையும் முளைத்து, சுருங்கி, அடியில் அழுகி நாறிக் கிடந்தன. தம்பி ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைக் குழிக்குக் கொண்டுபோனான். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். இரண்டு மாதம் முன்னால் அவள் தன் இரண்டு கையாலும் தூக்கி வைத்திருக்க வேண்டிய பைகள்.

அந்தப் போகத்தில் யாரும் எதுவும் நடவில்லை. காடு சும்மா கிடந்தது. இன்னொரு அடைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேண்டுதலை உடனே தீர்க்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன்.

"நம்ம கெழங்கு இல்லையேக்கா" என்றான்.

"கெழங்கு கெழங்குதான. வத்தலக்குண்டு சந்தையில வாங்கிக்கலாம்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அப்புறம் போய் வாங்கி வந்தான்.

கிருத்திகை அன்று அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். தராசு கட்டியிருந்தது. ஊர் நின்றது. நான் தட்டில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தேன். ஐந்து வருடம் பயந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைவே வரவில்லை. அம்மாவைத்தான் பார்த்தேன். முதல் பையை அவள் வைக்க வேண்டும். அவளால் தூக்க முடியாது. ஒரு கிழங்கை எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார் பூசாரி. தம்பி பையைப் பிரித்து ஒரு கிழங்கை அவளுடைய இடது கையில் வைத்தான்.

அவள் அதைத் தட்டில் போடவில்லை. கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்த்த விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எங்கள் காட்டு மண் கறுப்பு. விரலில் ஒட்டியிருந்தது செம்மண்.

"போடும்மா" என்றான் தம்பி.

"இல்ல."

"சாமிக்குத்தாம்மா. அக்கா ஒக்காந்துருக்கு பாரு."

"இல்ல. இல்ல."

"பாவம், புத்தி கலங்கிருச்சு" என்று யாரோ ஒரு பெண் சொன்னது கேட்டது. கலங்கவில்லை. எங்காட்டுக் கெழங்கு, எங்கையால வெளஞ்சது என்று சாமியிடம் சொன்னவளுக்குத் தான் சொன்னது நினைவிருந்தது. கிழங்கு அவள் மடியில் விழுந்து, அங்கிருந்து தரையில் உருண்டது. பூசாரி கொஞ்சம் தயங்கிவிட்டு, தம்பியையே போடச் சொன்னார். பெரியப்பா "லாபம்" என்று ஆரம்பித்தார். இருபது, முப்பது என்று பைகள் ஏறின. எழுபது வந்தது, எண்பது வந்தது, உதிரிக் கிழங்கு விழுந்தது. "எம்பத்தி ரெண்டு" என்று மூன்று தடவை கூவினார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் வியக்கவும் இல்லை. பின்னால் நின்ற ஒருத்தி, "அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்குக் கெழங்கு மசாலாதான்" என்றாள். ஐந்து வருடம் நான் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

தட்டிலிருந்து இறங்கி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். பொங்கலன்று சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். நல்ல கையால் என் தலையில் தட்டி, "இல்ல" என்றாள். மன்னித்தாளா, இது கணக்கில் சேராது என்றாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்திலிருந்து அதை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனேன். டயட்டீஷியன் அம்மா எடை பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். திட்டவில்லை. "மூணு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். பி12 ஊசி போட்டார்கள். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். வர்க்கியை இன்னும் முழுசாக விட முடியவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் எடை பார்த்து எழுதுகிறேன். இந்த வாரம் எண்பத்தொன்று. இதுவும் ஏறலாம்.

போன மாதம் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். மேல்காட்டில் உருளைக்கிழங்கு நட்டோம். தம்பி மண்வெட்டியால் சால் இழுத்தான். நான் முளைக்கண் மேலே பார்க்க விதைக்கிழங்கை வைத்துக்கொண்டே போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக. படிக்கிற பிள்ளை என்று என்னை மண்ணில் இறங்க விட்டதே இல்லை. வரப்பில் நாற்காலி போட்டு, போர்த்தி, அம்மாவை உட்கார வைத்திருந்தோம். நெருக்கமாக வைத்தால் "இல்ல" என்பாள். ஆழமாகப் போனால் "இல்ல" என்பாள். எடுத்துத் திரும்ப வைப்பேன். அவள் பேசாமல் இருந்தால் அடுத்ததுக்கு நகர்வேன். ஒரு சால் முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. தம்பி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இந்த வேகத்துல போனா அடுத்த தைக்குத்தான்க்கா முடியும்" என்றான்.

கிழங்கு தோண்ட நாலு மாதம் ஆகும். இந்தத் தடவை முதல் பையை அவள் இடது கையால் தொட்டால் போதும். ஐந்து வருடத்தை நான் போகம் போகமாகத் தள்ளிவிட்டேன். இப்போது இந்த நாலு மாதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தினமும் காலையில் அவளுக்கு முகம் கழுவிவிட்டு, மேல்காட்டுக்குப் போய் முளை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.